ஷாம்புவை ஏன் ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும்?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனுக்குத் தலையெல்லாம் மஞ்சள் செதில், காதோரம் சிவந்து அரிப்பு. டாக்டர் கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக்கொடுத்து, "ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்" என்றாராம். மாமியாரோ "உடம்புச் சூடுதான், நல்லெண்ணெய் வை" என்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது?

சாதாரணப் பொடுகு முற்றினால் வருவதுதான் இந்த செபோரிக் டெர்மடைடிஸ். இதில் பெரும்பங்கு மலசீசியா என்ற ஈஸ்டுக்கு. ஈஸ்ட் என்பது ஒருவகைப் பூஞ்சை. 1874-இல் மலசே என்ற பிரெஞ்சுக்காரர் பொடுகுச் செதிலில் இதைக் கண்டு விவரித்தார். நம் எல்லார் தலையிலும் இது குடியிருக்கிறது. கொழுப்பமிலத்தைச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாததால், எண்ணெய்ச் சுரப்பியின் வாசலிலேயே காத்துக்கிடக்கும். லைப்பேஸ் என்ற நொதியைக் கக்கி நம் தலை எண்ணெயை உடைக்கும். நிறைவுற்ற கொழுப்பமிலங்களைத் தின்றுவிட்டு, ஒலியிக் அமிலத்தை மிச்சம் வைக்கும். அது ஒத்துக்கொள்ளாத தோல் எரிச்சலில் அவசர அவசரமாகச் செல்களை மேலே தள்ளும். அதுதான் செதில்.

சரி, மருந்து என்ன செய்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

நம் செல்சவ்வில் கொலஸ்டிரால் இருப்பதுபோல், பூஞ்சையின் மேல்சவ்வில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. அதற்கு மூலப்பொருள் லானோஸ்டிரால். அதன் 14-ஆம் கரியணுவில் ஒரு மெத்தில் தொகுதி முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சீவியெடுக்க ஒரு நொதி இருக்கிறது. அதன் நடுவில் ஓர் இரும்பணு. நம் ரத்தச் சிவப்பில் இருப்பதுபோலவே ஹீம் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஆக்சிஜன் அந்த இரும்பில் வந்து அமர்ந்தால்தான் முள் சீவப்படும். கீட்டோகோனசோலின் ஒரு நைட்ரஜன் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடுகிறது. துண்டு போட்டு பஸ் சீட் பிடிப்பதைப் போலத்தான்!

முள்ளோடு கிடக்கும் மூலக்கூறுகள் சவ்வில் நெருக்கமாக அடுக்கி அமர்வதில்லை. நண்டு வளை போட்ட வரப்பு எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? வரப்பு நிற்கும், தண்ணீர் நிற்காது. ஈஸ்டின் வளர்ச்சி முடங்கிப்போகிறது.

போட்டவுடனே அலசிவிட்டால் மருந்து செதிலைத் தாண்டி இறங்காமலே வாய்க்காலுக்குப் போய்விடும். ஐந்து நிமிடக் கணக்கு அதற்குத்தான். முடியில் அல்ல, மண்டைத்தோலில் தேய்க்க வேண்டும். வழக்கமாக வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். ஈஸ்ட் அடியோடு ஒழிவதில்லை, திரும்பப் பெருகும். அதனால் அப்புறமும் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்வார்கள். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டரிடமே திரும்பப் போங்கள். சொரியாசிஸும் இதேபோல் தோன்றும்.

மாமியாரின் சனிக்கிழமைக் குளியல்மீது எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் 'சூடு' என்று சொல்லிவிட்டால் எந்த நோய்க்கும் காரணம் தேட வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். நல்லெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் ஒலியிக் அமிலம்தான். அதைப் பிரித்தெடுக்க லைப்பேஸோடு ஒருவர் தலையிலேயே காத்திருக்கிறார். செதில் அடங்கும்வரை எண்ணெய்க் கிண்ணம் அடுப்படியிலேயே இருக்கட்டும்.