ஷிஃப்ட் அழுத்தவே இல்லை, பிறகு படம் எப்படி நிரந்தரமாக அழிந்தது?

முகூர்த்த மாதங்கள் முடிந்து ஆல்பம் வேலை சூடுபிடிக்கும்போது, ஸ்டுடியோக்காரர்களிடமிருந்து வரும் அழைப்புகளில் இந்தப் புகார் தவறுவதே இல்லை. ஷிஃப்டையும் டெலிட்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேராக அழியும் என்பது பொதுவான நினைப்பு. கல்யாணத்துக்கு நாலாயிரம் ஃபிரேம் எடுத்திருப்பார்கள். கண் மூடியது, ஃபோகஸ் போனது, ஒரே போஸில் பத்து என்று கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் தாய்மாமன் மாலை போட்ட படத்தைத் தேடினால் காணோம். ரீசைக்கிள் பின் காலியாக இருக்கும். "இந்த ஃபோட்டோ சாஃப்ட்வேர் வெர்ஷன் சரியில்லீங்க, பழசையே போட்டுக் குடுத்துடுங்க" என்பார்கள்.

பழசைப் போட்டாலும் அதேதான் நடக்கும். சாஃப்ட்வேரே தப்புச் செய்யும் கேஸ்களும் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன். என்னிடம் வருவதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்த ஃபைல் எந்த டிரைவில் இருந்தது என்பதுதான்.

டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு ரீசைக்கிள் பின் ஐகான் இருப்பதால், கம்ப்யூட்டருக்கு மொத்தமாக ஒரே குப்பைத்தொட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். விண்டோஸில் அப்படி இல்லை. சி டிரைவுக்கு ஒன்று, டி டிரைவுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றிலும் மறைவாக ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஐகான் அவற்றையெல்லாம் சேர்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். டெலிட் அழுத்தினால் ஃபைல் அதே டிரைவுக்குள் அந்த ஃபோல்டருக்குப் பெயர் மாறிப் போகிறது. உள்ளே இருக்கும் டேட்டா இடம்கூட அசையாது. முப்பது ஜிபி ஃபோல்டர் கண் இமைக்கும் நேரத்தில் பின்னுக்குப் போவது இதனால்தான். அப்படி ஒரு மறைவு ஃபோல்டர் இல்லாத டிரைவில் டெலிட் என்றால் நேராக அழிவுதான்.

எந்தெந்த டிரைவில் இல்லை? பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் இல்லை. நெட்வொர்க் வழியாக மேப் செய்த டிரைவில், அதாவது இன்னொரு கம்ப்யூட்டரின் டிரைவை நம்முடையது போலக் காட்டும் டிரைவில், இல்லை. யூஎஸ்பியில் மாட்டும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் மட்டும் பொதுவாக இருக்கிறது. இதனால்தான் குழப்பமே. நேற்று எக்ஸ்டர்னல் டிஸ்கில் டெலிட் செய்தது திரும்பக் கிடைத்திருக்கும். இன்று பார்ட்டி கொடுத்த பென் டிரைவிலிருந்தே நேரடியாகத் திறந்து கழித்தது கிடைக்காது. இரண்டுமே ஒரே யூஎஸ்பி போர்ட்டில் மாட்டியவை, இரண்டையும் கையாண்டது ஒரே சாஃப்ட்வேர்.

ஈரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் நடந்தது இது. ஓனரின் கம்ப்யூட்டரில் டி டிரைவை ஷேர் செய்து, எடிட்டர் பையனின் கம்ப்யூட்டரில் அதை இசட் டிரைவாக மேப் செய்து வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே ஃபோட்டோ வியூவர், ஒரே வெர்ஷன். ஓனர் கழித்தால் படங்கள் பின்னுக்குப் போகின்றன. பையன் கழித்தால் போகவில்லை. ஓனர் நேராகப் பையன் மேல் பாய்ந்துவிட்டார்.

"ஷிஃப்டைச் சேத்து அமுக்கிட்டு இப்ப மழுப்பறான் பாருங்க."

"இல்லீங்ணா, நான் வெறும் டெலிட்தானுங்ணா அமுக்குனேன். கேட்டுச்சு, ஓகே குடுத்தேன்."

அந்த வியூவரை ஏற்கெனவே ஒருமுறை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். நான் சாஃப்ட்வேரைத் திறக்கவில்லை. தேவையில்லாத ஒரு படத்தைப் பிரதி எடுத்து இசட் டிரைவில் போட்டு, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலேயே டெலிட் அழுத்தினேன். "நிரந்தரமாக நீக்கவா?" என்று விண்டோஸ் கேட்டது. அதே ஃபோல்டருக்கு ஓனர் கம்ப்யூட்டரில் போய் இன்னொரு பிரதியை டெலிட் செய்தேன், சத்தமில்லாமல் பின்னுக்குப் போனது. நெட்வொர்க் வழியாக வரும் டெலிட், ஃபைலை வைத்திருக்கும் கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. பையன் சொன்னது அப்படியே உண்மை.

அதில் ஒன்று கவனிக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரர் "நிரந்தரமாக" என்ற சொல்லோடு கேட்டது. வியூவர் வெறுமனே "டெலிட் செய்யவா?" என்று மட்டும் கேட்டிருக்கிறது. ஃபோட்டோ சாஃப்ட்வேர்கள் விண்டோஸிடம் இரண்டு விதமாகப் பேசலாம். "இதைப் பின்னுக்கு அனுப்பு" என்று கேட்கலாம், அல்லது "இதை அழி" என்று நேரடியாகவே சொல்லலாம். முதல் விதமாகக் கேட்டாலும் அந்த டிரைவில் ரீசைக்கிள் பின் இல்லையென்றால் அழிவுதான். தன் கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு, விண்டோஸின் எச்சரிக்கை வராதபடி அடைத்துவிடும் சாஃப்ட்வேர்களும் உண்டு. போதாததற்கு "இனி கேட்காதே" என்ற டிக்கை நாமே போட்டு வைத்திருப்போம். ஆயிரம் படம் கழிக்கும் கைக்கு ஒவ்வொரு முறையும் ஓகே கொடுப்பது எரிச்சல்தான், எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நெட்வொர்க் டிரைவில் வேலை செய்கிறவர்கள் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஆக, சோதனை இதுதான். சந்தேகம் வந்தால் அதே டிரைவில் ஒரு பிரதியை எக்ஸ்ப்ளோரரில் டெலிட் செய்து பாருங்கள். அங்கேயும் அழிந்தால் சாஃப்ட்வேரைத் திட்டிப் பயனில்லை. எக்ஸ்ப்ளோரரில் பின்னுக்குப் போய், சாஃப்ட்வேரில் மட்டும் அழிந்தால், அப்போதுதான் அதன் செட்டிங்கில் "ரீசைக்கிள் பின் பயன்படுத்து" என்ற மாதிரி ஏதாவது டிக் விட்டுப்போயிருக்கிறதா என்று தேட வேண்டும்.

உள்ளே இருக்கும் டி டிரைவிலேயே அழிகிறது என்றால், ரீசைக்கிள் பின்னில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். டிரைவ் வாரியாகப் பட்டியல் இருக்கும். பின்னுக்கு அனுப்பாமல் உடனே நீக்கும் ஆப்ஷன் ஏதாவது ஒரு டிரைவுக்கு மட்டும் தேர்வாகியிருக்கலாம். இடம் போதவில்லை என்று யாரோ என்றைக்கோ போட்டிருப்பார்கள். அங்கேயே அளவு வரம்பும் இருக்கும். ரீசைக்கிள் பின் அந்த அளவைத் தொட்டதும் பழைய ஃபைல்கள் சொல்லாமல் வெளியேறும். வரம்பைவிடப் பெரிய வீடியோ ஃபைல் உள்ளேயே போகாது. கீழே டெலிட்டுக்கு முன் உறுதி கேட்கும் டிக் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் அது இயல்பாகவே எடுக்கப்பட்டிருக்கும், போட்டு வையுங்கள். டிஸ்கில் இடத்தைத் தானாகவே காலி செய்யும் விண்டோஸ் வசதியான ஸ்டோரேஜ் சென்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் பாருங்கள், முப்பது நாள் தாண்டியதை அதுவே காலி செய்யும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று மண்டபம், தேதி, மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" என அடுக்கிக்கொண்டே போனால் முழு முகவரியின் நீளம் 260 எழுத்தைத் தொட்டுவிடும். அவ்வளவு நீளப் பெயரை ரீசைக்கிள் பின் ஏற்காது, நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்கும்.

நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு: சினாலஜி, க்யூநாப் இரண்டிலும் நெட்வொர்க் ரீசைக்கிள் பின் வசதி இருக்கிறது. சினாலஜியில் அதை ஒவ்வொரு ஷேர்டு ஃபோல்டருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். அட்மின் மட்டும் பார்க்கலாம் என்ற டிக்கும் அதோடு உண்டு. அது போட்டிருந்தால் படங்கள் பத்திரமாக உள்ளேயே இருக்கும், ஸ்டாஃப் லாகினில்தான் தெரியாது. அழிந்தே போனது என்று வந்த ஒரு கேஸில் அட்மினாக நுழைந்ததும் எல்லாம் இருந்தது.

மேக்கிலும் கதை அதேதான், நெட்வொர்க் வால்யூமில் உடனே அழிக்கப்படும் என்று ஃபைண்டர் கேட்கும். லினக்ஸில் டார்க்டேபிள் என்ற ஃபோட்டோ சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். டிராஷுக்கு அனுப்ப முடியாவிட்டால், டிஸ்கிலிருந்தே அழிக்கவா, லைப்ரரியிலிருந்து மட்டும் எடுக்கவா, இதை விட்டுவிடவா என்று அது பிரித்துக் கேட்கிறது. டிஜிகேம் என்ற இன்னொரு ஃபோட்டோ சாஃப்ட்வேர் 5.0 வெர்ஷன் முதல் ஒவ்வொரு கலெக்ஷனுக்குள்ளும் தனக்கென்று ஒரு மறைவு டிராஷ் வைத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப் டிராஷில் தேடிவிட்டு இல்லை என்று பதறுகிறவர்கள் டிஜிகேமுக்குள்ளேயே பார்க்க வேண்டும்.

சாஃப்ட்வேரே குற்றவாளியான கேஸ் என்றால் 2020 ஆகஸ்டில் நடந்தது நினைவுக்கு வருகிறது. அடோபியின் ஃபோட்டோ சாஃப்ட்வேரான லைட்ரூமுக்கு ஐஃபோன், ஐபேடில் வந்த 5.4 அப்டேட், கிளவுடுக்கு ஏறாமல் கருவியில் மட்டும் இருந்த படங்களையும், சேமித்து வைத்த எடிட் செட்டிங்குகளான பிரீசெட்களையும் அழித்துவிட்டது. அடோபி அடுத்த திருத்தத்தை வெளியிட்டது, ஆனால் போனதைத் திரும்பக் கொடுக்க முடியவில்லை. இந்த மாதிரிப் பிழைக்கு நம் பக்கம் எந்த செட்டிங்கும் உதவாது, வேறிடத்தில் இன்னொரு பிரதி இருந்தால் உண்டு.

சரி, அழிந்துவிட்டது. இனி என்ன?

நான் முதலில் கேட்பது, "கேமரா கார்டை ஃபார்மட் பண்ணிட்டீங்களா?" என்பதுதான். ஹார்டு டிஸ்கைத் தோண்டுவதைவிடக் கார்டில் எடுப்பது பல நேரம் சுலபம். கேமராவில் ஃபார்மட் செய்திருந்தாலும் அடுத்த ஷூட் ஏறாதவரை பெரும்பாலும் வாய்ப்பு இருக்கிறது.

அடுத்து, அந்த டிரைவில் எதையும் எழுதக் கூடாது. ஆல்பம் எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் இறக்கி இன்ஸ்டால் செய்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எடுக்க வேண்டிய படத்தின் மேலேயே அது போய் உட்காரலாம். மீட்பதையும் வேறு டிரைவில்தான் சேமிக்க வேண்டும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. ஃபைல் அழிந்ததும் அந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்பிவிடும், எஸ்எஸ்டி அதைத் தன் பாட்டுக்குத் துடைத்துவிடும். பின்னுக்குள் இருக்கும்வரை இது நடக்காது. எஸ்எஸ்டியில் பின்னின் மதிப்பு ஹார்டு டிஸ்கைவிடப் பல மடங்கு அதிகம். சாதா ஹார்டு டிஸ்கில் அழிந்த டேட்டா மேலே வேறு எழுதும்வரை கிடக்கும். சில புதிய ஹார்டு டிஸ்குகளும் டிரிம்மை ஏற்கின்றன என்பதால் அங்கும் தாமதிக்கக் கூடாது.

ஈரோட்டு ஸ்டுடியோவில் டி டிரைவ் ஹார்டு டிஸ்க். கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டி ஃபோட்டோரெக் என்ற ரெக்கவரி சாஃப்ட்வேரை ஓட்டினேன். காசில்லாத கருவி, பார்க்க அழகாக இருக்காது. ஃபைலின் பெயரையோ ஃபோல்டரையோ அது பார்ப்பதில்லை. ஜேபெக் என்றால் தொடக்கத்தில் இந்த பைட்கள் இருக்கும், ரா (கேமராவின் மூல ஃபைல்) என்றால் இப்படித் தொடங்கும் என்று டிஸ்க் முழுக்க அடையாளம் தேடி எடுக்கும். ஆகவே படம் வரும், பெயர் வராது. படத்துக்குள்ளேயே கேமரா பதியும் எக்ஸிஃப் விவரத்தில் இருக்கும் நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினோம். நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் எல்லாம் தானாகப் பிரிந்து வந்தன. பெரும்பகுதி கிடைத்தது. சிலது பாதிப் படமும் பாதிச் சாம்பல் நிறமுமாக வந்தன. கழித்த பிறகு அதே டிரைவில் ஆல்பம் ஷீட்களை எக்ஸ்போர்ட் செய்ததன் விலை அது. கார்டு ஏற்கெனவே இன்னொரு கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தது.

லைட்ரூம் கிளாசிக்கில் வேலை செய்திருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. இம்போர்ட் செய்தபோது ஸ்மார்ட் பிரிவியூ உருவாக்கியிருந்தால், ஒரிஜினல் போனாலும் நீளப் பக்கம் 2560 பிக்சல் அளவில் எடிட் செய்யக்கூடிய ஒரு பிரதி, லைட்ரூம் தன் படங்களுக்கு வைத்திருக்கும் பதிவேடான கேட்டலாக்கோடு இருக்கும். கேட்டலாக்கிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடாமல் இருக்க வேண்டும், அது முக்கியம். அதை டிஎன்ஜி என்ற ரா வகை ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம். 300 டிபிஐயில் எட்டரை அங்குலம் வரும். 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டை முழுதாக நிரப்பாது, ஓரத்தில் சின்னப் படமாக வைக்கத் தாராளம்.

ஸ்டுடியோக்களுக்கு நான் இப்போது சொல்வது, கழிக்கும்போது டெலிட் பட்டனையே தொடாதீர்கள். ரிஜெக்ட் என்று குறி மட்டும் போடுங்கள். வேண்டுமானால் அதே டிரைவில் "கழிவு" என்று ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிடுங்கள். ஆல்பம் கைக்குப் போய், பாக்கிப் பணமும் வந்த பிறகு, ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஒரே முறையாக அழிக்கலாம்.

அதையும் மீறி என்னைக் கூப்பிட நேர்ந்தால், ஃபைல் எந்த டிரைவில் இருந்தது, அது எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்கா, எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அழித்தீர்கள், அதன் பிறகு அந்த டிரைவில் என்ன எழுதினீர்கள், கார்டு எங்கே என்று சொல்லுங்கள். சாஃப்ட்வேரின் பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.