மாசிக்காயும் மர்மப் புத்தகமும்

சுங்கை சிப்புட்டில் படிவம் 5 படிக்கும் என் அக்கா மகன், போன வாரம் கைப்பேசியை நீட்டி, "மாமா, இந்த வாய்னிச் புத்தகத்தை நம்ம சித்தர்கள்தான் எழுதினாங்களாமே?" என்றான். இன்றுவரை யாரும் படித்து முடிக்காத எழுத்து, எந்தக் காட்டிலும் முளைக்காத செடிகள், பச்சைத் தண்ணீரில் குளிக்கும் பெண்கள். 1912இல் வில்ஃபிரிட் வாய்னிச் என்ற பழம்புத்தக வியாபாரி இத்தாலியில் வாங்கியது, இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பார்த்தால் யாருக்கும் கற்பனை ஓடும்தான்.

சரி, அந்தப் புத்தகத்தைச் செய்த விதத்துக்கு வருவோம். கன்றுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தால் தாள் தயார். கார்பன் சோதனை சொல்லும் 1404–1438 என்பது அந்தக் கன்றுகளின் காலம், எழுதியவரின் காலம் அல்ல. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இறகுப் பேனாவால் முதலில் படத்தின் கோடுகள், அப்புறம் அவற்றைச் சுற்றி வளைந்து போகும் எழுத்து. நீலத்துக்கு அசுரைட் என்ற செம்புக் கனிமம், சிவப்புக்குக் காவிக்கல்.

எனக்குப் பிடித்தது மைதான். அதன் மூலப்பொருள் நம் பாட்டிமார் உரைகல்லில் இழைத்துக் குழந்தைக்கு ஊட்டிய மாசிக்காய், மலாய்க்காரர்களின் மஞ்சகானி. பெயர்தான் காய். ஓக் மரத்தில் ஒரு குளவி முட்டையிட, புழுவைச் சுற்றி மரம் வீங்கிக் கட்டிய உருண்டை அது, உள்ளே முழுக்கத் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் டானின்.

இரண்டு மாசிக்காயை இடித்து ஊறவைத்து, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்து, வேலம் பிசின் கொஞ்சம் சேர்த்தோம். எழுதியபோது வெளிறிய சாம்பல் நிறம். பையன் உதட்டைப் பிதுக்கினான். கொஞ்ச நேரத்தில் அதே எழுத்து அவன் கண் முன்னாலேயே கறுத்தது. அன்னபேதியின் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு ஓர் எலக்ட்ரானை இழந்து, டானினோடு இறுகிக் கரையாத கறுப்பாகிறது. கரைசலாக இழைக்குள் புகுந்த பிறகு உள்ளேயே இறுகுவதால்தான் தண்ணீருக்கு அசையாது. தோலில் பிழை எழுதினால் கத்தியால் சுரண்ட வேண்டியதுதான்.

நாடி ஜோதிடருக்கு நூறு வெள்ளியை யோசிக்காமல் நீட்டும் நாம், பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புட்டி அமிலம் வாங்கக் கணக்குப் பார்க்கிறோம். இந்த மைக்கு எங்களுக்கு ஆன செலவு பத்து வெள்ளிகூட இல்லை.

ஆனால் பையனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் மூன்று சொட்டு விழுந்துவிட்டது, சோப்புக்கு அசையவில்லை. எலுமிச்சைச் சாறு இரும்பைக் கொஞ்சம் பிரித்தெடுக்கும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் என்னோடு பேசவில்லை.