பீரோ மேல் போன யானைப் புத்தகம்

சேலம் அஸ்தம்பட்டியில் நான் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். போன மாதம் வந்த ஒரு அம்மா உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "மேடம், இவனுக்கு மூணு வயசு. தெனமும் ராத்திரி அதே யானைப் புத்தகம்தான். வேற எடுத்தா அழுவறான். பீரோ மேல தூக்கிப் போட்டுட்டேன்."

சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். பகலெல்லாம் வெள்ளியோடு மல்லாடிவிட்டு, ராத்திரி நூறாவது தடவையாக யானையைக் குளத்தில் குதிக்க வைப்பது லேசான வேலை இல்லைதான். ஆனாலும் சொன்னேன்: புத்தகத்தைக் கீழே இறக்குங்கள்.

முதல் தடவை கேட்கும்போது யார் யார், என்ன ஆச்சு என்று பிடிப்பதற்கே குழந்தையின் கவனம் தீர்ந்துவிடும். அடுத்து வருவது தெரிந்த பிறகுதான் காது சொற்கள் பக்கம் திரும்பும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 3 வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். புதுச் சொற்களை எல்லோரும் ஒரே அளவு தடவைதான் கேட்டார்கள். சிலர் ஒரே கதைகளில், சிலர் வெவ்வேறு கதைகளில். ஒரே கதைகளைத் திரும்பக் கேட்டவர்களிடமே சொற்கள் நன்றாகத் தங்கின.

தமிழ்க் குழந்தைக்கு இதில் இன்னொரு லாபம். வீட்டில் "குதிச்சுது", புத்தகத்தில் "குதித்தது". நிறையப் பேர் பேச்சுத் தமிழுக்கு மாற்றித்தான் படிக்கிறார்கள். முதல் இரண்டு தடவைக்குச் சரி. கதை பழகியதும் அச்சில் இருப்பதை அப்படியே படியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும், அதனால் "குதித்தது" உறுத்தாது. எல்கேஜியில் போய் முதன்முதலாகக் கேட்டு முழிக்க வேண்டியதில்லை.

அப்புறம், நடுவில் நிறுத்துங்கள். "யானை குளத்தில்..." என்று இழுத்துவிட்டு ஐந்து விநாடி வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். இரண்டாவது விநாடியே நாமே சொல்லிவிடுவோம். பக்கத்தைத் தாண்டினால் "அது இல்ல" என்று சண்டைக்கு வருகிறதா? கதையின் வரிசை மனசில் நிற்கிறது. உங்களுக்கு அலுத்துப்போனால் அம்மாயியிடம் (அம்மாவைப் பெற்ற பாட்டி) கொடுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஒன்று மட்டும். 2 வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை ஒரே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால், அதைக் கதை ஆசை என்று விட்டுவிடாதீர்கள். குழந்தை மருத்துவரைப் பாருங்கள், காதையும் சோதியுங்கள். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற சமாதானத்திலேயே மாதங்கள் ஓடிவிடும்.

அந்த அம்மா போன வாரம் மறுபடி வந்தார். குடும்பத்தோடு ஏற்காடு போயிருக்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி, பஸ்ஸிலிருந்து ஏரி தெரிந்ததும் பையன் எழுந்து நின்று, "யானை இங்க குதித்தது!" என்றானாம். 'குதித்தது' என்றே. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எப்ப கண்ணு?" என்று கேட்டிருக்கிறார்.