நிறுத்து, அந்த இடத்தை இன்னொரு தடவை போடு

க்ளினிக்கல் சைக்காலஜி இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு மாணவி. எதிரே நாற்பது வயது தாண்டிய மளிகைக்கடைக்காரர் ஒருவர். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, கடை ஷட்டரைத் தூக்கவே மனசு வரவில்லை, மனச்சோர்வு என்று எழுதி மனநல மருத்துவர் அனுப்பியிருக்கிறார். நான்காவது சந்திப்பு இது. மேஜையில் ஒரு சின்ன ரெக்கார்டர் ஓடுகிறது, அதற்கு அவர் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். (நிஜ கேஸ் இல்லை. இந்தப் பயிற்சி எப்படி நடக்கும் என்று காட்ட நான் கட்டிய காட்சி.) பன்னிரண்டாவது நிமிடம் அவர் சொல்கிறார்: "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன் மேடம். பெத்த புள்ளையே மதிக்கல."

மாணவிக்கு மனசு பொறுக்கவில்லை. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். இத்தனை வருஷம் கடையை நடத்தி, பையனை ஹாஸ்டல்ல சேர்த்துப் படிக்க வைக்கிறீங்க, இது லேசான விஷயமா?" என்கிறாள். அவர் கொஞ்சம் தயங்கி, "ம்... சரிங்க மேடம்" என்கிறார். பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது.

மறுநாள் சூப்பர்வைசர் அறையில் அதே ஒலிப்பதிவு ஓடுகிறது. "நிறுத்து. அந்த இடத்தை இன்னொரு தடவை போடு." போடுகிறாள். "அந்த 'சரிங்க மேடம்' கேட்டுச்சாம்மா? அதுல சம்மதம் இருக்கா?" அப்போதுதான் அவளுக்கே காதில் விழுகிறது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சை முடித்துக்கொண்டிருக்கிறார். நேற்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது, நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஆதாரம் உள்ள சிகிச்சை என்று பேப்பரில் எழுதியிருப்பது எப்படி ஒரு ஆளின் வாயிலிருந்தும் மௌனத்திலிருந்தும் வெளியே வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். எந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது என்ற சண்டையைச் சீக்கிரம் கடந்துவிடுவோம். 1952-ல் லண்டனில் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர், பேச்சுச் சிகிச்சை எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிகமாகக் குணமாகிறார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதி ஒரு கூட்டத்தையே கோபப்படுத்தினார். 1977-ல் ஸ்மித், கிளாஸ் என்ற இருவர் 375 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, பலன் இருக்கிறது என்று காட்டினார்கள். 1995-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒரு பிரிவு, எந்தப் பிரச்சினைக்கு எந்தச் சிகிச்சை சோதித்துப் பார்க்கப்பட்டது என்று பட்டியலே போட்டது. ஒவ்வொன்றுக்கும் கையேடு உண்டு. முதல் சந்திப்பில் என்ன, ஐந்தாவதில் என்ன, எல்லாம் எழுதியிருக்கும்.

சரி, கையேடுதான் இருக்கிறதே, படித்துவிட்டுச் செய்ய வேண்டியதுதானே? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் எப்போதோ சொல்லிவிட்டார்கள், ஆனால் இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2005-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 78 சிகிச்சையாளர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) கையேடு மட்டும். இன்னொன்றுக்குக் கையேட்டோடு ஒரு பயிற்சி இணையதளம். மூன்றாவதுக்குக் கையேடு, மூன்று நாள் வகுப்பு, அதற்கப்புறம் சூப்பர்விஷன். பிறகு எல்லோரையும் நடித்துக் காட்டச் சொல்லி மதிப்பெண் போட்டதில் மூன்றாவது குழு முன்னே நின்றது, கையேடு மட்டும் படித்தவர்கள் பின்தங்கினார்கள்.

அப்படியானால் நல்ல வொர்க்ஷாப் ஒன்று போதுமா என்றால், அங்கேதான் வேடிக்கை. குடிப்பழக்கம் போன்றவற்றுக்கு, மாற வேண்டும் என்ற பேச்சை நோயாளியின் வாயிலிருந்தே வரவைக்கும் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' முறையை உருவாக்கிய வில்லியம் மில்லர், தான் நடத்தும் இரண்டு நாள் வொர்க்ஷாப் உண்மையில் வேலை செய்கிறதா என்று தானே சோதித்துப் பார்த்தார். (எத்தனை பேருக்கு இந்தத் துணிச்சல் வரும்?) வந்தவர்கள் ரொம்பவே கற்றுக்கொண்டதாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டால் மாற்றம் கொஞ்சமாகத்தான் இருந்தது, எதிரே உட்கார்ந்தவர்கள் பேசும் விதத்தில் மாற்றமே இல்லை. 2001-ல் அதை அப்படியே வெளியிட்டார். 2004-ல் 140 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தபோது, வொர்க்ஷாப்பில் ஏறிய திறமை தானாக நிற்கவில்லை. அதற்கப்புறம் அவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்துச் சொல்வதோ, போனில் கூப்பிட்டுப் பயிற்சி கொடுப்பதோ சேர்ந்தால் நின்றது. நோயாளியின் பேச்சு மாறியது மட்டும், இவை எல்லாமும் சேர்ந்து கிடைத்த குழுவில்தான்.

ஏன் இப்படி? சமையலில் உப்பு கூடினால் நாக்கு உடனே சொல்லிவிடும், தையலில் தப்பாக வெட்டினால் சட்டை போட்டுப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் தப்பு செய்தால் நோயாளி "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவார், அடுத்த வாரம் வரமாட்டார். குணமாகிவிட்டாரா, வெறுத்துவிட்டாரா, பஸ் கிடைக்கவில்லையா, யாருக்குத் தெரியும்? நமக்குப் பிடித்த காரணத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். இதனால்தான் அனுபவம் மட்டும் ஆளைத் தேற்றுவதில்லை. 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் வருடக்கணக்கில் தொடர்ந்த ஒரு ஆய்வு 2016-ல் வந்தது; சராசரியாகப் பார்த்தால் அனுபவம் ஏற ஏற பலன் ஏறவில்லை, மிக லேசாக இறங்கியிருந்தது. இன்னொரு ஆய்வில் 129 பேரிடம், சக தொழில்காரர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான்கில் ஒருவர் தன்னை முதல் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார். சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை! அதைவிட எனக்கு உறைத்தது 2005-ல் வந்த இன்னொன்று: 550 பேரில் யார் யார் மோசமாகப் போவார்கள் என்று சிகிச்சையாளர்களைக் கணிக்கச் சொன்னார்கள், மூன்று பேரைச் சொன்னார்கள், கடைசியில் மோசமானவர்கள் 40 பேர். சொன்ன மூன்றில் சரியாக இருந்தது ஒன்று.

ஆணவம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பேச்சின் நடுவில் இருக்கும்போது நாம் என்ன சொல்ல நினைத்தோம் என்பதுதான் நினைவில் நிற்கிறது, என்ன சொன்னோம் என்பது நிற்பதில்லை. இதை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1940-களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசைத்தட்டில் சிகிச்சைப் பேச்சைப் பதிய ஆரம்பித்தார். ஒரு தட்டில் சில நிமிடங்கள்தான் கொள்ளும், மாற்றி மாற்றிப் போட வேண்டும். அதுவரை மாணவர்கள் தங்கள் நினைவிலிருந்து எழுதி வந்த குறிப்பைத்தான் ஆசிரியர் திருத்தினார், அதாவது மாணவன் மறந்த தப்பு ஆசிரியர் கண்ணில் படவே வழியில்லை. தட்டு சுழல ஆரம்பித்ததும் அந்த வசதி போய்விட்டது.

இப்போது தட்டு போய் டிஜிட்டல் கோப்பு வந்துவிட்டது, கேட்கும் காதுக்கு ஒரு அளவுகோலும் வந்துவிட்டது. 1980-ல் ஜெஃப்ரி யங்கும், சி.பி.டி.க்கு அடித்தளம் போட்ட ஆரோன் பெக்கும் போட்ட சி.பி.டி. மதிப்பீட்டு அட்டவணையில் 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. மொத்தம் 66, வழக்கமாக 40 எடுத்தால் தேறியதாகக் கணக்கு. இன்று எதைப் பேசப்போகிறோம் என்று ஆரம்பத்திலேயே சேர்ந்து முடிவு செய்தாயா, புரிந்ததா என்று நடுவில் கேட்டாயா, நேரத்தைப் பார்த்து ஓட்டினாயா, போன வார ஹோம்வொர்க் என்ன ஆச்சு என்று விசாரித்தாயா, இந்த மாதிரி. இங்கிலாந்தில் 2008-ல் அரசே சி.பி.டி. சிகிச்சையாளர்களைப் பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்தபோது இதன் திருத்திய வடிவத்தை வைத்துத்தான் மாணவர்களின் நிஜப் பதிவுகளுக்கு மார்க் போட்டார்கள்.

அந்த 11-ல் மாணவர்களை ரொம்பப் படுத்துவது 'கைடட் டிஸ்கவரி'. பதிலைச் சொல்லாமல், கேள்வி கேட்டே அவரைக் கண்டுபிடிக்க வைப்பது. மளிகைக்கடைக்காரரிடமே திரும்பப் போவோம். "லாயக்கில்லாதவன்" என்று அவர் சொன்னதும் மறுத்துப் பேசினால், அவர் மனதுக்குள் எதிர்வாதம்தான் ஓடும்: 'இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்'. அதற்குப் பதிலாக, "கடைசியா எப்போ அப்படித் தோணுச்சு?" என்று கேட்டிருந்தால், நேற்று ராத்திரி என்பார். என்ன நடந்தது? பையனுக்கு போன் போட்டேன், கட் பண்ணிட்டான். அந்த நிமிஷம் மனசுல என்ன ஓடுச்சு? இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கட் ஆன போனிலிருந்து 'நான் லாயக்கில்லாதவன்' வரைக்கும் எத்தனை படி தாண்டிக் குதித்திருக்கிறோம் என்று அவரே பார்க்கிற மாதிரி மெதுவாகக் கூட்டிப்போக வேண்டும். "வேற காரணம் இருக்கலாமே?" என்ற கேள்விகூட இரண்டு நிமிடம் முன்னாடி வந்தால் அறிவுரை மாதிரிதான் காதில் விழும். எந்தக் கேள்வி என்பதைக் கையேடு சொல்லித்தரும். எப்போது என்பதை, இன்னொருவர் ஒலிப்பதிவை நிறுத்திக் காட்டித்தான் பழக முடிகிறது.

ஆறுதல் சொல்லும் இதே பழக்கம் ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமும், அதை அடக்கச் செய்யும் சடங்கும் திரும்பத் திரும்ப வரும் நோய்) சிகிச்சையில் இன்னும் கெடுதல். 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்ததிலிருந்து வளர்ந்த முறை அது: அழுக்கு என்று அஞ்சும் கதவுக் கைப்பிடியைத் தொட வேண்டும், தொட்டபின் கை கழுவக் கூடாது. தொட்டவர் பதறுவார், வியர்க்கும், "எனக்கு ஏதும் நோய் வந்துடாதே மேடம்?" என்று கேட்பார். மாணவியின் வாயில் "ஒண்ணும் ஆகாதுங்க" என்பது தானாக வரும். வந்தால் அந்தப் பயிற்சியின் பாதி வீண். கழுவாமலும், யாரும் உறுதி சொல்லாமலும், அந்தச் சந்தேகத்தோடேயே இருக்க முடிகிறது என்று அவருடைய மூளை கற்றுக்கொள்ள வேண்டிய நேரம் அது. மேடம் சொன்னதால் தப்பித்தேன் என்று கற்றுக்கொண்டால், நாளைக்கு மேடம் இல்லாதபோது குழாயடிக்குத்தான் ஓடுவார். உறுதிமொழி கேட்பதும் கை கழுவுவது மாதிரி ஒரு சடங்குதான், தண்ணீர் இல்லாத சடங்கு.

மாணவிக்கு இது தெரியாமல் இல்லை, பரீட்சையில் நன்றாகவே எழுதியிருப்பாள். ஆனால் ஒரு மனிதர் எதிரே நடுங்கும்போது அவளுக்கும் நடுங்குகிறது, "ஒண்ணும் ஆகாது" என்பது அவள் தன் பதற்றத்தை இறக்கிவைக்கும் வழி. இப்படி நல்ல எண்ணத்தோடே சிகிச்சையிலிருந்து நழுவிப் போவதை கிளென் வாலர் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 2009-ல் 'தெரபிஸ்ட் டிரிஃப்ட்' என்று எழுதினார். இதற்குப் பாடம் எடுத்துப் பயனில்லை, பழக்கம்தான் வேண்டும். சக மாணவன் நோயாளியாக நடிப்பான், பத்து விதமாகக் கெஞ்சுவான், ஒவ்வொரு முறையும் அவள் "தெரியலையே, பார்க்கலாம். இப்போ பதற்றம் பத்துக்கு எத்தனை இருக்கு?" என்பதை வாய் பழகும்வரை சொல்ல வேண்டும். அந்தக் கைப்பிடியை முதலில் அவளே தொட வேண்டும், தொட்டுவிட்டு கை கழுவாமல் பிஸ்கட் சாப்பிட வேண்டும். சிரிப்பாக இருக்கும், செய்து பாருங்கள்.

இதற்கெல்லாம் பெரிய நிபுணர்கள் வேண்டுமே, நம் நாட்டில் எங்கே போவது என்று கேட்டால் கோவாவைப் பார்க்கலாம். அங்கே 'சங்கத்' என்ற தொண்டு நிறுவனத்தோடு மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்து, மனச்சோர்வுக்கு 6 முதல் 8 சந்திப்புகளில் முடியும் ஒரு எளிய சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரை வைத்துச் செய்த சோதனை 2017-ல் வெளியானது; மூன்று மாதத்தில் மனச்சோர்வு தணிந்தவர்கள் இந்தக் குழுவில் 64 சதவீதம், சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 39. வகுப்பு சில வாரங்கள்தான். வாராவாரம் அவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் பதிவை மற்றவர்கள் கேட்டு, தாளில் மார்க் போட்டு, எங்கே சறுக்கியது என்று பேசினார்கள். ஆரம்பத்தில் நிபுணர் கூட இருந்தார், போகப்போக அவர்களே நடத்திக்கொண்டார்கள். பட்டம் வாங்கி, போர்டு மாட்டி, பத்து வருடமாக ஒரு பதிவைக்கூட யாருக்கும் போட்டுக் காட்டாத சிகிச்சையாளரைவிட இவர்களில் ஒருவரிடம் போக எனக்குத் தயக்கம் இருக்காது.

பதிவு என்றதும் நோயாளி பயப்படுவாரே என்று எல்லோரும் கேட்பார்கள். எதற்கு, யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்று விளக்கினால் பெரும்பாலும் சரி என்று விடுகிறார்கள். பயம் இந்தப் பக்கம்தான். முதல் பதிவைக் கொடுக்கும் மாணவி, "மேடம், அன்னிக்கு ஃபேன் சத்தம், சரியா கேக்காது" என்று முன்னாடியே சொல்லிவைப்பாள்.

நம் மாணவியின் ஆறாவது சந்திப்புப் பதிவில் ஃபேன் சத்தம் நன்றாகவே கேட்கிறது. கடைக்காரர் ஏதோ சொல்கிறார், அவள் ஒன்பது விநாடி பேசவில்லை, அப்புறம் "நேத்து கடையில என்ன நடந்துச்சு, ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க சார்" என்கிறாள். சூப்பர்வைசர் நிறுத்தவில்லை, ஓட விடுகிறார். கைடட் டிஸ்கவரிக்கு 4. ஹோம்வொர்க் கேட்க மறந்துவிட்டாள், அதற்கு 1.