ஸ்ட்ரெஸ் ரிலீவிங் செய்த கிளாட் தகடு ஏன் வளைகிறது?

எஃகுத் தகட்டின் மேல் ஸ்டெயின்லெஸ் போன்ற வேறு உலோகத் தகட்டை வெடிமுறையில் ஒட்டிய கிளாட் தகடு வந்து இறங்கியதும் எல்லோரும் சான்றிதழில் தேடுவது, அல்ட்ராசோனிக்கில் ஒட்டாத இடம் ஏதும் உண்டா, ஒட்டு வழுக்கிப் பிரியாமல் தாங்கும் ஷியர் வலிமை 140 மெகாபாஸ்கலைத் தாண்டியதா என்பதைத்தான். கூடவே 'ஸ்ட்ரெஸ் ரிலீவிங் செய்தது', அதாவது சூடாக்கி உள்ளே தங்கிய தகைவை (ஸ்ட்ரெஸ்) தளர்த்தியது, என்று ஒரு வரி இருந்துவிட்டால், உள்ளே எஞ்சிய தகைவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒட்டியிருக்கிறதா என்று சொல்லும் சோதனை, எவ்வளவு இழுபட்டு ஒட்டியிருக்கிறது என்று சொல்லாது.

வெடித்ததும் மேல்தகடு விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் அடித்தகட்டில் மோதுகிறது. தகடு கோணலாகத்தான் வரும், அப்புறம் ரோலரில் விட்டு நிமிர்த்துவார்கள். இந்த இரண்டிலும் ஏறிய தகைவு, 600 டிகிரி செல்சியஸில் வைத்தால் பெருமளவு தளர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் தகடு திரும்ப ஆற வேண்டுமே!

ஒரு டிகிரி குறைந்தால் கார்பன் ஸ்டீல் மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் சுருங்கும், 304எல் ஸ்டெயின்லெஸ் சுமார் 17. வித்தியாசமான அந்த 5 மைக்ரானை, 600-இலிருந்து அறை வெப்பத்துக்கு ஆறும் 580 டிகிரியால் பெருக்கிப் பாருங்கள், மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வரும். எஃகு பிடித்துக்கொண்டிருப்பதால் ஸ்டெயின்லெஸ் அவ்வளவு சுருங்க முடியாமல், கொஞ்சம் நிரந்தரமாக நீண்டுகொடுத்து, நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவான ஈல்டு வலிமைக்குப் பக்கத்தில் இழுபட்டபடியே நிற்கும். டைட்டானியம் கிளாட் என்றால் தலைகீழ், அது எஃகைவிடக் குறைவாகச் சுருங்குவதால் அமுக்கத்தில் இருக்கும்.

சந்தேகப்பட்ட ஒருவருக்காக ஒரு முறை விரலகலப் பட்டை ஒன்றை அறுத்து, அடி எஃகை மில்லிங்கில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டுக் கிளாம்பைத் தளர்த்தினோம். இரண்டு முனையும் ஸ்டெயின்லெஸ் பக்கமாக எழுந்துவிட்டன, மேலே ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் கேள்வி கேட்கவில்லை.

வளைவையாவது கண்ணால் பார்த்துவிடலாம். சூடான குளோரைடு படும் இடத்தில் இந்த இழுவிசைதான் விரிசலுக்கு வழிவிடும், அது உள்ளுக்குள்ளேயே வளரும். சிறு துளையிட்டு, சுற்றிலும் உலோகம் எவ்வளவு தளர்கிறது என்று பார்த்துத் தகைவை அளந்துவிடலாமே என்பார்கள், ஆனால் வழக்கமான கணக்கு ஒரே உலோகத்துக்கானது, தகைவு ஈல்டை நெருங்கினால் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும்.

அதனால் ஆர்டர் போடும்போதே ஒன்று கேளுங்கள்: நிமிர்த்தியது சூடாக்கும் முன்பா, பின்பா? பின்பு என்றால் ரோலர் தந்த தகைவும் அப்படியே உள்ளே இருக்கிறது. டியூப் ஷீட் (வெப்பப் பரிமாற்றியில் குழாய்களைப் பிடித்திருக்கும் துளைத்தகடு) போன்ற வேலையில் ஒரே மூச்சில் கடைசி அளவுக்குக் கடையாமல், ரஃப் வெட்டு முடிந்ததும் கிளாம்பைத் தளர்த்தி, தகட்டை அதன் போக்கில் வளையவிட்டு, மறுபடி பிடித்துக் கடைசி வெட்டு வையுங்கள்.