வானத்தில் மேடு பள்ளம் உண்டா?

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில், 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி போய்ச் சேர ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். அதே தண்டவாளத்தில் இறங்க மூன்றரை மணி நேரம் போதும். இதைப் பார்த்தே வளர்ந்த குன்னூர்க்காரர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. டெல்லி வழியாக சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். டிக்கெட்டை நீட்டிக் கேட்டார்: "ஏன் தம்பி, போறதுக்கு ஒரு நேரம், வர்றதுக்கு ஒரு நேரம் போட்டிருக்கே. வானத்துலயும் மேடு பள்ளம் இருக்கா?"

இருக்கிறது. ஆனால் அது காற்றால் ஆனது.

முதலில் தூரம். என் மகனின் உலக உருண்டையை எடுத்து, அக்காவின் ஸ்வெட்டர் நூலால் டெல்லியையும் சான்பிரான்சிஸ்கோவையும் இழுத்துப் பிடித்தோம். சுவர் வரைபடத்தைப் பார்த்தால் ஜப்பான் பக்கமாகத்தான் போகத் தோன்றும். நூலோ வடக்கே ஏறி, திபெத், சைபீரியா தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து மறுபக்கம் இறங்கியது. சுமார் 12,400 கிலோமீட்டர். உருண்டையில் இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

ஆனால் அந்த வழியில் விமானம் போவதில்லை. திபெத் ஒரு முக்கியக் காரணம். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால், தலைக்கு மேல் தொங்கும் முகமூடியில் வரும் ஆக்சிஜன் கால் மணி நேரத்துக்குச் சற்று முன்பின்தான் தாங்கும். அதற்குள் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே 4,500 மீட்டரில் கிடக்கிறதே, எங்கே இறங்குவது?

சரி, காற்றுக்கு வருவோம். வெப்பமண்டலத்துச் சூடான காற்று பருத்து உயர்ந்து நிற்கிறது. துருவத்துக் குளிர்காற்று அமுங்கிக் கிடக்கிறது. அதனால் 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்று துருவம் நோக்கிச் சரியப் பார்க்கும். பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடும். இப்படி உருவாகும் காற்றாறுதான் ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டி ஓடும்.

தெங்குமரஹாடாவில் மோயாற்றைப் பரிசலில் கடந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. துடுப்பு ஒரு கணக்கு, ஆறு இழுப்பது இன்னொரு கணக்கு. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள். பின்காற்று 150 என்றால் தரைக்கணக்கில் 1,050. எதிர்காற்று என்றால் 750. 9,000 கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் சுமார் எட்டரை மணி, மறுபக்கம் 12 மணி. காற்றே இல்லாவிட்டால் போய்வர 20 மணி. காற்றோடு இருபதரைக்கும் மேல். போகும்போது கிடைத்த லாபத்தைவிட வரும்போது நஷ்டம் அதிகம். எதிர்காற்றில் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால்தான்.

இந்தக் கணக்கை ஏர் இந்தியா 2016 அக்டோபரில் அழகாகப் பயன்படுத்தியது. அதுவரை டெல்லி-சான்பிரான்சிஸ்கோ விமானம் மேற்கே, அட்லாண்டிக் வழியாக 13,900 கிலோமீட்டர் போனது. அதைக் கிழக்கே திருப்பி, பசிபிக் மேலே 15,300 கிலோமீட்டர் சுற்றவிட்டார்கள். 1,400 கிலோமீட்டர் கூடியும், பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சம்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நூலைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அவ்வளவு உசரத்துல காது அடைக்காதா?"

விமானம் 10 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும், உள்ளே அழுத்தத்தைப் பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளபடி வைத்திருப்பார்கள். குன்னூர் 1,850, ஊட்டி 2,240.

"குன்னூர் மலை ஏறும் வழியில் பர்லியாறு தாண்டும்போது அடைக்குமே அக்கா, அவ்வளவுதான்."