ஈக்விட்டி: சமத்துவமா, ஒப்புரவா?

அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிகளில் ‘ரேஷியல் ஈக்விட்டி’ என்ற தொடர் அடிக்கடி வரும். அதை ‘இனச் சமத்துவம்’ என்று தமிழில் எழுதினால் பொருள் கைநழுவிவிடுகிறது. சமத்துவம் ‘ஈக்குவாலிட்டி’க்கு உரிய சொல்.

இரண்டும் ஒரே வேரில் முளைத்தவைதான். லத்தீனில் ‘அயிக்வுஸ்’ என்றால் மேடுபள்ளம் இல்லாதது, நியாயமானது. அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ஈக்விட்டி’ ஆயிற்று. இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் அதற்குத் தனிப்பொருள் தந்தது: பொதுச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் ஒருவருக்கு அநீதி நேருமானால், அவர் நிலையறிந்து வழங்கும் தீர்வு.

இந்தச் சட்டப்பொருள் பள்ளி வரைக்கும் வந்தது. இனவாரியாகப் பொதுப் பள்ளிகளைப் பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என்று 1954இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதை நிறைவேற்றும்போது ஈக்விட்டி நெறிகளைப் பின்பற்றுமாறு 1955இல் கீழ்நீதிமன்றங்களைப் பணித்தது. பிரிவினை நீங்கும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் வழிசெய்தது.

சொல்லின் உயிர் எனக்குப் பிடிபட்ட இடம் 1974ஆம் ஆண்டின் லாவ் வழக்கு. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத ஏறத்தாழ 1,800 சீன வம்சாவளி மாணவர்களுக்கு மொழி உதவி எதுவும் தரப்படவில்லை. எல்லோருக்கும் அதே புத்தகம், அதே ஆசிரியர், அதே பாடத்திட்டம் என்பதாலேயே சமமாக நடத்தியதாகாது என்றது உச்ச நீதிமன்றம். ஒன்றுபோலக் கொடுத்தும் அந்தப் பிள்ளைகளுக்குக் கல்வி போய்ச் சேரவில்லையே!

இதற்குத் தமிழில் எது பொருந்தும்? ‘சமபங்கு’ சொத்துப் பிரிவினையை நினைவூட்டுகிறது. ‘நடுநிலை’ நல்ல சொல். ஆனால், “எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான், நிறம் பார்ப்பதில்லை” என்கிற ஆசிரியர் ஏற்கெனவே தம்மை நடுநிலையாளர் என்றே நம்புகிறார். பயிற்சி தொடங்குவதே அந்த நம்பிக்கையைச் சோதிப்பதில்தான். இடைநீக்கம் செய்யப்பட்டவர் யார், உயர்நிலைப் பாடங்களுக்குத் தேர்வானவர் யார் என்று பள்ளியின் பதிவேட்டை இனவாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள்.

நான் பரிந்துரைப்பது ‘ஒப்புரவு’. அதன் உறவுச்சொல்லான ‘ஒத்தது’ என்றால் பொருத்தமானது, தகுந்தது. ஒப்புரவு ஊருக்கு உதவுவதைக் குறிப்பதால் தருமம்போல ஒலிக்கிறதே என்று சிலர் தயங்கலாம். ஆனால் திருக்குறள் ஈகைக்குத் தனி அதிகாரம் வைத்திருக்கிறது. ‘ஒப்புரவறிதல்’ அதற்கு முந்தையது, 22ஆவது. அதன் முதல் குறளே அதைக் ‘கைம்மாறு வேண்டாக் கடப்பாடு’ என்கிறது. கடப்பாடு என்றால் செய்தே தீர வேண்டியது.

இங்கே இன்னொரு பொருத்தமும் உண்டு. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ‘இடைவெளி’ என்று பேசப்படுவதை, தலைமுறைகளாகச் சேர்ந்துவிட்ட ‘கல்விக் கடன்’ என்று பார்க்க வேண்டும் என 2006இல் வாதிட்டார் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ். கடன்பட்டது பிள்ளை அல்ல, நாடு. திருப்பித் தர வேண்டியதையும் கடமையையும் ‘கடன்’ என்ற ஒரே சொல்லால் சொல்லும் மொழிக்கு இந்த வாதம் எளிதில் விளங்கும்.

ஆகவே ‘இன ஒப்புரவு’ என்றே எழுதுவோம். அதற்காக ஆசிரியர்கள் பெறும் பயிற்சியைக் குறிக்கவும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, ‘ஒப்புரவறிதல்’ இருக்கிறது.